கேதம் சொல்கிறவர்

எங்கள் ஊரில் யார் வீட்டிலாவது உயிர் போனால், அழுகைச் சத்தம் கேட்ட கால்மணி நேரத்தில் என் பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இழவு வீட்டுக்குப் போய் உட்காருவதற்கு என்று நினைத்துவிடக் கூடாது. செத்தவருக்குப் பங்காளி யார், பெண் எடுத்த ஊர் எது, கொடுத்த ஊர் எது என்று இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு பஸ் ஏறப் போவார். சாவுச் சேதியை உறவுக்காரர் வாசலுக்கு நேரில் போய்ச் சொல்வதை எங்கள் பக்கம் கேதம் சொல்வது என்பார்கள். செல்போன் வந்த பிறகு பாதிப் பேர் அதைக் கைவிட்டார்கள். மீதிப் பேர் குரூப்பில் ஒரு படத்தைப் போட்டு இரண்டு கும்பிடு பொம்மை வைத்து முடித்துக்கொண்டார்கள். பெரியப்பா மட்டும் விடவில்லை.

அவருக்கு அது தொழிலும் இல்லை, யாரும் அவரை ஏவியதும் இல்லை. பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருமயத்திலிருந்து உள்ளே போகும் ரோட்டில் வீடு. கொஞ்சம் கடலைக்காடு உண்டு. ஆனால் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊருக்குப் போய் அவரைத் தெரியுமா என்று கேட்டாலும், "கேதம் சொல்ல வருவாரே, அவரா?" என்பார்கள். நல்ல காரியத்துக்கு அவர் எந்த வீட்டு வாசலிலும் திடீரென்று போய் நிற்க முடியாது. அவரைப் பார்த்ததும் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டுவிடுவார்கள்.

சொல்வதற்கு ஒரு முறை வைத்திருந்தார். செருப்பைக் கழற்றமாட்டார். வாசற்படி ஏறமாட்டார். தெருவிலேயே நின்று வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் வெளியே வந்த பிறகுதான் வாயைத் திறப்பார். "இன்னார் வீட்டுல கேதம். பெரியவரு தவறிட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்குறாங்க." அவ்வளவுதான். தண்ணீர் கொடுத்தால் வாங்கமாட்டார். 'போய்ட்டு வாரேன்' என்று சொல்லமாட்டார். திரும்பி நடந்துவிடுவார்.

ஒருமுறை குடுமியான்மலைப் பக்கத்தில் காது மந்தமான ஒரு அத்தைக்குச் சொல்வதற்காக இரண்டு பஸ் மாறிப் போனார். தெருவில் நின்று மூன்று தடவை கத்தியிருக்கிறார். தெரு முழுக்கக் கூடிவிட்டது. நாலாவது தடவைதான் அத்தைக்குப் புரிந்திருக்கிறது. "அவனா? அவன் போன வருசமே போயிட்டான்னுல்ல நெனச்சேன்" என்றாராம். பெரியப்பா அதைச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். "ஆனா சொல்லிட்டம்ல" என்பார்.

பதினோரு வருடம் வரப்புத் தகராறில் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பிகளில் அண்ணன் இறந்தபோது, தம்பிக்குச் சொல்ல வேண்டாம் என்று அந்த வீட்டிலேயே தடுத்தார்கள். பெரியப்பா கேட்கவில்லை. போய்ச் சொன்னார். தம்பி அரிவாளோடு நின்று கேட்டுவிட்டு அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வந்தான் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். அரிவாள் எல்லாம் ஊர் சேர்த்த மசாலாவாக இருக்கும். தம்பி வந்தது உண்மை.

"போன் பண்ணினா ரெண்டு நிமிசம் பெரியப்பா. எதுக்கு இந்த வெயில்ல அலையுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போன்ல வந்தா அது சேதி ஆத்தா. கேதம் இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"கல்யாணத்துக்கு ஒருத்தரை விட்டுப்போச்சுன்னா அடுத்த கல்யாணத்துல சரி பண்ணிக்கலாம். இதுல விட்டா எதுல சரி பண்ணுவே, சொல்லு பாப்போம்."

திருமயத்தில் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு நாளைக்கு நாலு இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் ஏற்றுகிறவள் நான். எனக்கு இதெல்லாம் ஒரு பெரிய மனுஷரின் பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

அவருக்கு ஒரே மகள். எனக்கு ஒன்பது வயது இளையவள். தங்கச்சி என்று சொன்னாலும் என் இடுப்பில் வளர்ந்தவள். கோயம்புத்தூரில் வேலை பார்த்தாள். முப்பத்தொரு வயதாகியும் வந்த மாப்பிள்ளையை எல்லாம் ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மழைநாள் காலையில் ஸ்கூட்டியில் வேலைக்குப் போனவள் மேம்பாலத்து இறக்கத்தில் லாரியில் அடிபட்டு அந்த இடத்திலேயே போய்விட்டாள். அவள் போனும் அந்தச் சக்கரத்தில்தான் நசுங்கியது. அவளோடு தங்கியிருந்த பெண் என்னைத்தான் கூப்பிட்டுச் சொன்னாள்.

போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பெரியப்பா கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பெரியம்மா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுப் பேசாமல் நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேதமா ஆத்தா?"

தலையை ஆட்டினேன்.

"யாரு?"

நான் அழுததில் அவருக்குப் புரிந்துவிட்டது. எந்த முறையும் இல்லாமல் அவருக்குச் சொன்னவள் நான்தான்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அவ கூட்டாளிகளுக்கெல்லாம் யாரு சொன்னது?" என்பதுதான். ஆபீசுக்குத் தெரியும், கூடத் தங்கியிருந்த பெண்ணுக்குத் தெரியும் என்றேன். "அது நாலு பேரு. அவ போன்ல அவ்வளவு பேரு இருந்தாங்களே. படம் போட்டா எல்லாரும் வந்து விசாரிப்பாங்களே. அவுகளுக்கு?"

தங்கச்சி சமூக வலைத்தளத்தில் வைத்திருந்த கணக்கைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. லீவில் வரும்போதெல்லாம் கடலைக்காட்டையும் மழைமேகத்தையும் பெரியப்பாவையும் படம் எடுத்து அதில் போடுவாள். எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று அவரிடம் காட்டுவாள். அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

"ஒரே ஒரு பதிவு போட்டுட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிரும் பெரியப்பா."

"ஊருக்கே கேக்குற மாதிரி தமுக்கடிச்சா அது கேதம் சொன்னதாகுமா? ஒவ்வொருத்தர் வாசலுக்கும் போகணும்."

தங்கச்சியின் சிம் அவர் பெயரில் இருந்தது. கல்லூரியில் சேர்ந்தபோது அவர் ஆதாரைக் கொடுத்து வாங்கியது. கடைக்குப் போய் அதே எண்ணில் புது சிம் வாங்கி அவருடைய போனில் போட்டார். என் மையத்துக்கு வந்தார். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் அந்த எண்ணுக்கு ஓடிபி வரும். வந்தது. நான்தான் அதை அடித்தேன். நான்தான் திறந்து கொடுத்தேன். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. பின்னால் செய்ததைத்தான் மறைத்தேன்.

நண்பர்கள் எண்ணூறு பேருக்கு மேல். அவர் பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்று வாங்கி எல்லார் பெயரையும் வரிசையாக எழுதினார். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் தட்டுவார். சொன்னவர் பெயருக்கு எதிரே ஒரு டிக். அவர் எழுதியது இவ்வளவுதான்: 'கேதம். என் மகள் காலமாகிவிட்டாள். பதினாறாம் நாள் காரியம் எங்கள் வீட்டில் நடக்கிறது.'

இதை வாங்கியவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்? செத்துப்போனவள் என்று அரசல்புரசலாகக் கேள்விப்பட்டவளின் படம் போட்ட கணக்கிலிருந்து மெசேஜ். அதுவும் 'என் மகள்' என்று. சேதி தெரியாத ஒரு பள்ளித் தோழி, இவளுக்கு எப்போது கல்யாணம் நடந்து மகள் பிறந்து செத்தது என்று குழம்பி அழுதுகொண்டே சிம் எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். எடுத்தது பெரியப்பா. இன்னொரு பெண், போனைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தாளாம். "யாரோ கணக்கைத் திருடிட்டாங்க, போலீஸ்ல சொல்லுங்க" என்று கோயம்புத்தூரிலிருந்து எனக்கு நாலைந்து போன் வந்தது.

"செத்தவளையே அவ கேதத்தைச் சொல்ல அனுப்புறாரு ஒங்க பெரியப்பா. நீயாவது சொல்லக் கூடாதா?" என்று பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நான் சொன்னேன். அவர் யோசித்தார். மறுநாளிலிருந்து 'இப்படிக்கு அவள் அப்பா' என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். அது போதும் என்று நினைத்தார்.

ஆனால் நன்றாகவும் நடந்தது. அதையும் சொல்ல வேண்டும். பதினாறாம் நாளுக்கு முன்பின் தெரியாத இருபது முப்பது பேர் வந்தார்கள். அவள் அவர்களுக்கு என்னென்ன உதவி செய்திருக்கிறாள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பெரியப்பா அவர்கள் பெயரைக் கேட்டுக் கேட்டு நோட்டில் தேடி, "நீங்கதானா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். காரியம் முடிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. பதினாறாம் நாள் வரியை மட்டும் எடுத்துவிட்டுத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"பழைய மெசேஜெல்லாம் படிக்கிறீங்களா பெரியப்பா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"நமக்கு என்ன வேலை? சொல்லிட்டு வந்துகிட்டே இருக்க வேண்டியதுதான். மேல ஏத்திப் பாக்குறது வீட்டுக்குள்ள பூந்து பாக்குற மாதிரி."

அவர் சொன்னதை நம்பினேன். ஆனாலும் பயம் போகவில்லை. ஏனென்றால் எனக்கு ஒரு விஷயம் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போகும்போது தங்கச்சி என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள். ஒருத்தர் இருக்கிறார், வெளிநாட்டில் வேலை, குளத்தூர்ப் பக்கம், வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சிம் அப்பா பெயரில் இருப்பதால் போன் நம்பரைக்கூட அந்த ஆளுக்குக் கொடுக்கவில்லை, எல்லாம் அந்தக் கணக்கில்தான். "அப்பா ஊர்ல எல்லாருக்கும் எல்லாம் சொல்லுவாரு அக்கா. எனக்கு அவருகிட்ட ஒண்ணு சொல்ல முடியல" என்றாள். நான் சிரித்தேன். பேர் என்ன என்று கேட்டதற்கு, நேரம் வரும்போது சொல்கிறேன் என்றாள்.

ஒருநாள் பெரியப்பா வீட்டில் அந்த நோட்டைப் புரட்டினேன். ஏறக்குறைய எல்லாப் பெயருக்கும் டிக் விழுந்திருந்தது. 'குளத்தூரான்' என்ற ஒரு பெயரைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டிருந்தார். டிக் இல்லை. அதில் விரலை வைத்தேன்.

"இது யாரு பெரியப்பா?"

"அது கடைசி" என்று சொல்லி நோட்டை வாங்கி மடித்துவிட்டார்.

அவருக்கு இன்னும் தெரியாது, நாளையோ மறுநாளோ அந்தப் பெயரைத் தொடுவார், தொட்டதும் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிற மனுஷர். செத்த பிறகு அவளை ஊர் வாயில் போட்டு மெல்ல விடக் கூடாது என்றும் நினைத்தேன். இப்படி எனக்கு நானே நிறையக் காரணம் சொல்லிக்கொண்டேன். எல்லாம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தவள் நான் என்பது வெளிவந்துவிடுமே என்ற பயமும் அதில் இருந்தது. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அவருக்காக நான் எடுத்துக் கொடுத்த இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் என் கம்ப்யூட்டரில் இருந்தன. இறந்தவர் கணக்கை நீக்கச் சொல்லி உறவினர் விண்ணப்பிக்க ஒரு படிவம் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, இரண்டு சாதிச் சான்றிதழ் விண்ணப்பங்களுக்கு நடுவில், பெரியப்பா பெயரில் அதை நிரப்பி அனுப்பினேன். நண்பர்கள் பார்க்க நினைவாக வைத்திருக்கவா, மொத்தமாக நீக்கவா என்று கேட்டது. நீக்கு என்று அழுத்தினேன். ஒரு வாரத்தில் கணக்கு காணாமல் போனது.

அவர் பஸ் பிடித்து ஓடி வந்தார். போனை என் முன்னால் வைத்து, "தெற ஆத்தா, ஓடிபி போடு" என்றார். நான் நாலு தடவை போடுவது போல் நடித்தேன். கணக்கே இல்லை, கம்பெனிக்காரர்களே எடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் நம்பவில்லை என்று சொல்ல முடியாது, விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். முழு வெள்ளைத்தாளில், அனுப்புநர் பெறுநர் எல்லாம் வைத்து, வாரிசுச் சான்றிதழ் நகலை இணைத்து, 'எனக்கு வாரிசு உரிமைப்படி சேர வேண்டிய மேற்படி கணக்கைத் திறந்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதிக்கொண்டு வந்து, எந்த ஊருக்கு அனுப்புவது என்று என்னைக் கேட்டார். ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாளில் வரிசையில் நின்று அங்கேயும் கொடுத்தார். இது தங்கள் வரம்பில் வராது என்று தன்மையாகவே சொல்லி அனுப்பினார்களாம். அந்த மனுவை டைப் அடித்துக் கொடுத்ததும் நான்தான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, "குளத்தூர் வரைக்கும் போகணும். கூட வாரியா?" என்று கேட்டார். எதற்கு என்று கேட்கப் பயந்து கிளம்பினேன். புதுக்கோட்டையில் பஸ் மாறி உட்கார்ந்ததும் அவராகவே பேச ஆரம்பித்தார்.

"நோட்டுல ஒரு பேரைச் சுத்தி வட்டம் போட்டிருந்தேன்ல. ஒனக்கு ஞாபகம் இருக்கா? அந்தப் பையனை மொத நாளே பாத்துட்டேன் ஆத்தா. சிலுவைப் படமும் வெளிநாட்டு வேலையும் அவன் கணக்குலயே போட்டிருந்தான். நான் மேல ஏத்தல. அவன்தான் தெனம் ஒண்ணு போட்டுக்கிட்டே இருந்தான். கோவமாங்குறான். சாப்பிட்டியாங்குறான். நான் என்ன தப்புப் பண்ணுனேங்குறான். அவனுக்கு எப்புடி போன்ல சொல்றது? எண்ணூறு பேருக்குச் சொல்லலாம். அவனுக்குச் சொல்ல முடியுமா? அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு சொல்லணும்னுதான் கடைசியா வச்சேன்."

பஸ்ஸில் இரைச்சல். அவர் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது.

"அவ உசுரோட இருக்கையில சொல்லியிருந்தா சம்மதிச்சிருப்பேனான்னு கேட்டா எனக்குத் தெரியல. சண்டை போட்டிருப்பேன். பேசாம இருந்திருப்பேன். அப்பறம் என்னவோ. அதைவிடு. வாசலுக்குப் போகணும்னா வெலாசம் வேணும்ல. 'வீட்டு விலாசம் அனுப்பவும்'னு ஒண்ணு போட்டேன். அவ போட்ட மாதிரிதானே அவனுக்குத் தெரியும்? உடனே பதில் வந்துச்சு. 'அப்பாகிட்ட சொல்லிட்டியா?'ன்னு. கூடவே சிரிக்கிற பொம்மையா வரிசையாப் போட்டிருந்தான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீரனூர் ரோட்டில் ஒரு நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள்.

"அதுக்கு என்ன பதில் போடுறதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். மூணாம் நாள் கணக்கையே காணோம். வேற ஆளு போன்ல தேடிப் பாத்தேன், அவன் பேரு வரல."

குளத்தூரில் இறங்கியதும் டீக்கடையில் விசாரித்தார். வெளிநாட்டில் இருக்கும் வேதக்காரப் பையன், கிணற்று மேட்டில் சைக்கிள் சாத்தி வைத்த படத்தைக் கணக்கில் வைத்திருப்பான் என்றார். "பெரியவரே, இந்தப் பக்கம் வெளிநாட்டுல ஆளு இல்லாத வீடு எது? பேரு சொல்லுங்க" என்றார் கடைக்காரர். பேர் தெரியாது. சர்ச்சுக்குப் போனோம். பூசை முடிந்து வெளியே வந்தவர்களிடம் கேட்டோம். எல்லாரும் இவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். எதற்குத் தேடுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், "ஒரு கேதம் சொல்லணும்" என்றார். யாருடைய கேதம் என்று அவர் சொல்லவில்லை.

வெயில் ஏறிவிட்டது. சர்ச்சுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.

"அவன் இப்ப என்ன நெனச்சிருப்பான்? வெலாசத்தைக் கேட்டா. இவனும் சந்தோசமாப் பேசுனான். ஒடனே அவ தன்னைத் தள்ளிவிட்டுட்டு ஓடிட்டான்னு நெனப்பான். என் புள்ளையத்தான் ஏசிக்கிட்டிருப்பான். செத்தவ மேல அந்தப் பழி நிக்குது ஆத்தா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நான்தான் பெரியப்பா, நான்தான் கணக்கை நீக்கச் சொல்லி எழுதினேன், உங்கள் சான்றிதழை வைத்து உங்கள் பெயரிலேயே எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அதைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் செய்தேன் என்றேன். அவள் என்னிடம் பஸ்ஸில் சொன்னதையும் சொன்னேன். அழுதேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப ஒங்கிட்ட சொல்லியிருக்கா" என்றார். "எங்கிட்டத்தான் சொல்லல."

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நிறைய இடம் இருந்தது. அவர் எனக்கு முன்னால் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டியா, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று எப்போதும் போலக் கேட்டார். மாதம் ஒருமுறையாவது குளத்தூர் பஸ் ஏறினார் என்பது பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எந்தெந்தத் தெருவுக்குப் போனார், யாரைப் பார்த்தார், அந்தப் பையன் கடைசியில் கிடைத்தானா இல்லையா என்று எதையும் அவர் சாகும்வரை என்னிடம் சொல்லவில்லை.